ஹோம் பேஜ் வருது, சர்வீஸ் பக்கம் வரலை: ஆங்கர் டெக்ஸ்ட் சந்தேகம்

குளிர்காத்து:
வணக்கம். வேளச்சேரி ஏசி சர்வீஸ் கடை ஒன்றின் சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். கேஸ், வாட்டர் லீக், இன்ஸ்டலேஷன் மூன்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. வெளி லிங்க் எல்லாம் 'சென்னை ஏசி சர்வீஸ்' என்றே ஹோம் பேஜுக்கு வருகிறது, பழைய ஏஜென்சி காசு கொடுத்துப் போட்டது. சைட்டுக்குள் இருக்கும் லிங்க்கில் எங்கும் 'மேலும் படிக்க'தான். கேஸ் ஃபில்லிங் என்று தேடினால் ஹோம் பேஜ்தான் வருகிறது, அதுவும் மூன்றாம் பக்கத்தில். ஆங்கரில், அதாவது லிங்க்காகத் தெரியும் எழுத்தில், கீவேர்டு (தேடும் சொல்) எத்தனை சதவீதம் இருக்கணும்?

மெரினா_எஸ்இஓ:
சதவீதத்தை விடுங்க, கூகுள் அப்படி ஒரு கணக்கே சொன்னதில்லை. இந்த மாதிரி காசு லிங்க்கைப் பிடிக்கத்தான் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற கூகுள் அப்டேட் வந்தது. 2016 செப்டம்பரில் அது மெயின் அல்காரிதத்தோடு சேர்ந்த பிறகு, பெரும்பாலும் சைட்டை இறக்காமல் அந்த லிங்க்கின் மதிப்பை மட்டும் கழித்துவிடுகிறது.

கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில், தண்டனை நோட்டீஸ் வரும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பாருங்க. காலியாக இருந்தால் டிஸ்அவோ (இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) பக்கமே போகாதீங்க. நோட்டீஸ் இருந்தால் லிங்க்கை எடுக்கச் சொல்லுங்க, அல்லது அதில் நோஃபாலோ, ஸ்பான்சர்ட் குறி (இதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்வது) போடச் சொல்லுங்க. மசியாததை மட்டும் டிஸ்அவோ செய்துவிட்டு மறுபரிசீலனை கேளுங்க.

உங்க சிக்கல் உள்ளேதான். சர்ச் கன்சோலின் இன்டர்னல் லிங்க்ஸ் ரிப்போர்ட்டில் கேஸ் பக்கத்துக்கு எத்தனை லிங்க் என்று பாருங்க. வாட்டர் லீக் பக்கத்தில் இப்படி எழுதலாம்: 'காயிலில் ஐஸ் கட்டி உருகினாலும் தண்ணி சொட்டும். கூலிங்கும் குறைஞ்சிருந்தா ஏசி கேஸ் அளவைச் சரிபார்த்து நிரப்பணும்.' இதில் 'ஏசி கேஸ் அளவைச் சரிபார்த்து நிரப்பணும்' மட்டும் லிங்க். சுற்றியிருக்கும் வாக்கியமும் கூகுளுக்கு உதவும், அதனால் முழுப் பத்தியையும் லிங்க் ஆக்காதீங்க.

குளிர்காத்து:
நன்றி சார். ஃபுட்டரில் (பக்கத்தின் அடியில்) 'வேளச்சேரி ஏசி கேஸ்', 'மடிப்பாக்கம் ஏசி கேஸ்', 'பள்ளிக்கரணை ஏசி கேஸ்' என்று வரிசையாகப் போட்டுவிடலாமா?

மெரினா_எஸ்இஓ:
வேண்டவே வேண்டாம். ஊர்ப் பெயர்களை அடுக்குவதைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே கீவேர்டு திணிப்புக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கு. உள் லிங்க்கில் ஒரே சொல் நாலு இடத்தில் வந்தால் குற்றமில்லை. ஆனா ஒரே ஆங்கரை ஹோம் பேஜுக்கும் கேஸ் பக்கத்துக்கும் கொடுக்காதீங்க, எது எதற்கான பக்கம் என்று குழம்பிப்போகும்.

கோடு_மச்சான்:
ஹோம் பேஜில் சர்வீஸ் படங்களைத் தட்டினால் பக்கம் திறக்குதா? ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட் போய்ப் பாருங்க ப்ரோ. வெறும் டிவ்வில் (பக்கத்தின் ஒரு பெட்டி) ஆன்கிளிக் (தட்டினால் ஓடும் கோடு) இருந்தால் கூகுள் அதை லிங்க்காகவே எடுக்காது. லிங்க்குக்கான ஏ டேக், அதில் முகவரி எழுதும் எச்ரெஃப், நிஜ முகவரி, மூணும் வேணும். படம் மட்டும் லிங்க் என்றால் படத்துக்கு எழுதும் விளக்கமான ஆல்ட் டெக்ஸ்ட்தான் ஆங்கர். அங்கே 'இமேஜ்1' என்று கிடக்கும், பாதி தீம்களில் இதே கதைதான்.

குளிர்காத்து:
டிவ்தான் ப்ரோ, ஆன்கிளிக்! ஆல்ட்டும் காலி.

கோடு_மச்சான்:
அப்போ முதல் வேலை அதுதான். ஆல்ட்டில் 'ஏசி கேஸ் நிரப்புதல்' போதும், படத்துக்குக் கீழேயும் அதே பெயரை எழுத்தாகப் போடுங்க. மாற்றியதும் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் ஹோம் பேஜை லைவ் டெஸ்ட் செய்து, வரும் எச்டிஎம்எல்லில் எச்ரெஃப் தெரியுதான்னு பார்த்துட்டு இன்டெக்ஸிங் (கூகுள் தேடல் பட்டியலில் மறுபடி எடுப்பது) கேளுங்க.