வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது, மாறி மாறிச் சளி பிடிப்பது இதனால்தானா?

ராயக்கோட்டைக்காரன்:
ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். டிசம்பரிலிருந்து நாலு தடவை சளி பிடித்துவிட்டது, கடைசியாக வந்த இருமல் மூன்று வாரமாகியும் போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்தது. டாக்டர் 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று, எட்டு வாரம் குடிக்கச் சொன்னார். அம்மாவிடம் சொன்னால், "மாங்காய் தோப்புல காயற வெயில் பத்தாதாடா உனக்கு?" என்று சிரிக்கிறார். இதைக் குடித்தால் சளி நிற்குமா? கூட வேலை செய்பவர்கள் எதிர்ப்பு சக்திக்கு இதுதான் மருந்து என்கிறார்கள்.

பாலக்கோடு_லேப்:
அம்மா சொல்வது சரிதான், ஆனால் தோப்பில் வெயில் காயும் நேரத்தில் நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறீர்களே தம்பி. காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் கண்ணாடி வழியாக மேலே படுகிற வெயில் கணக்கில் சேராது. வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், இளவெயிலிலும் அது குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் உருப்படியான நேரம். நம்மைப் போலக் கருத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். 20க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்பார்கள், 11 என்றால் பாக்கெட்டைக் குடித்துவிடுங்கள்.

அரூர்_அண்ணாச்சி:
குறைபாட்டைச் சரிசெய்வது வேறு, சளியை நிறுத்துவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது உண்மை. கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் உள்ள வைட்டமின் டியைத் தாங்களே செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கின்றன. ஆனால் செல்லுக்குள் நடப்பதெல்லாம் ஆளுக்குப் பலனாக வந்துவிடாது. 2017இல் 25 ஆய்வுகளை, சுமார் 11,000 பேரின் விவரத்தை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூச்சுப்பாதைத் தொற்று கொஞ்சம் குறைந்தது, அதிலும் 10க்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் நல்ல பலன், அதுவும் தினமோ வாரமோ சிறு சிறு அளவாக எடுத்தபோது. மொத்தமாக ஒரே டோஸ் கொடுத்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. பிறகு புது ஆய்வுகள் சேரச் சேரப் பலன் சுருங்கிக்கொண்டே வந்தது. 2025இல் 64,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு என்று அடித்துச் சொல்ல முடியாத அளவுக்கு வந்து நின்றது. கொரோனா சமயத்தில் பிரிட்டனில் செய்த பெரிய ஆய்விலும் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், எலும்புக்காகக் குடியுங்கள், சளி குறைந்தால் லாபம்.

காரிமங்கலம்_மருமகள்:
ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமனார் "வாரம் ஒன்று" என்பதை "தினம் ஒன்று" என்று நினைத்து 60,000 யூனிட் மாத்திரையை ஒன்றரை மாதம் போட்டார், மருந்துக் கடையிலும் கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாந்தி, மலச்சிக்கல், சொம்பு சொம்பாகத் தண்ணீர், ராத்திரி முழுக்க பாத்ரூம். ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னி வரை போய்விட்டது. இது தண்ணீரில் கரைந்து சிறுநீரில் போகிற வைட்டமின் இல்லை, கொழுப்பில் சேர்ந்து உடம்பிலேயே தங்கிவிடும். அட்டையில் தேதி எழுதி வையுங்கள்.

அரூர்_அண்ணாச்சி:
தம்பி, நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இருமல் மூன்று வாரம் என்கிறீர்களே, சளிப் பரிசோதனை செய்தீர்களா? இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் முதலில் காசநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கல் தூசும் இருமலைக் கிளப்பும், அதனால் வீட்டுப் பக்கத்தில் கிரானைட் பட்டறை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

ராயக்கோட்டைக்காரன்:
பரிசோதனை செய்யவில்லை அண்ணா, அந்த டாக்டரும் கேட்கவில்லை. பட்டறை இல்லை, ஆனால் ரூமில் கூட இருப்பவன் பொங்கலிலிருந்தே இருமிக்கொண்டுதான் இருக்கிறான். நாளை வார லீவு, அவனையும் இழுத்துக்கொண்டு போகிறேன். அப்புறம் ஒரு சந்தேகம், பாக்கெட்டை வெறும் வயிற்றில் குடிக்கலாமா?

பாலக்கோடு_லேப்:
வேண்டாம், கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் நன்றாக உடம்பில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்போடு களி சாப்பிட்டு முடித்ததும் பாலில் கலந்து குடியுங்கள், கிழமையும் மறக்காது. ராகியில் கால்சியம் ஏராளம், அதை உடம்பு இழுத்துக்கொள்ளத்தான் இந்த டியே வேண்டும்.