எம்.எஸ்.டபிள்யூ களப்பணி: வாரம் 2 நாளா, ஒரே மூச்சில் ஒன்றரை மாதமா?

களத்துமேடு:
எம்.எஸ்.டபிள்யூ-வில், அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பில், வழக்கமான ஏற்பாடு வாரத்தில் 2 நாள், சுமார் 15 மணி நேரக் களப்பணி. மற்ற நாள் வகுப்பு. அதை எடுத்துவிட்டு செமஸ்டருக்கு ஒன்றரை மாதம் தொடர்ச்சியாகப் போடுங்கள் என்கிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 36-ன்படி பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் சமூக விசாரணையை (குடும்பம், வீட்டு நிலைமை பற்றிய விசாரணை) 15 நாளில் முடிக்க வேண்டும். அதில் மாணவருக்குக் கிடைப்பது 4 நாள், மிஞ்சினால் 5. இந்த வியாழன் பார்த்த பிள்ளையை அடுத்த வியாழனுக்குள் வேறு குழந்தைகள் இல்லத்துக்கு மாற்றியிருப்பார்கள், இல்லை பெற்றோரோடு அனுப்பியிருப்பார்கள். எந்தக் கேஸிலும் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

மாடவிளக்கு:
அந்த இடைவெளியில்தானே படிப்பே நடக்கிறது! களப்பணி முடிந்ததும் அங்கே செய்ததை எழுதும் ரெக்கார்டு, அந்த வாரமே ஆசிரியரோடு தனிக் கலந்தாய்வு, பிறகு திரும்பவும் களம். மாணவர் "தாய் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி வருகிறார். என்ன கேட்டாய் என்று தோண்டினால், "ஏன் பிள்ளையை வேலைக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டது வெளியே வருகிறது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எந்தத் தாய் பேசுவாள்? அடுத்த முறை, "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டு நிலைமை எப்படி இருந்துச்சும்மா?" என்று தொடங்கச் சொல்லி அனுப்பலாம். நீங்கள் சொல்லும் முறையில் ஒன்றரை மாத ரெக்கார்டும் கட்டாக ஒரே நாளில் மேசைக்கு வரும். திருத்தி யாருக்கு என்ன பயன்?

களத்துமேடு:
கலந்தாய்வு நடந்தால்தானே, மேடம்? பல இடங்களில் அது கையெழுத்தோடு சரி. சீனியர் ரெக்கார்டைத் தேதி மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடிக்குப் போனதாகக்கூட வரும், அதற்கும் டிக் விழும். களப்பணிக்கு அனுப்பும் நிறுவனமும் 2 நாள் ஆளை நம்பிக் கேஸ் தராது. வியாழன் ஆரம்பித்ததைத் திங்கள் யார் தொடர்வது? அதனால்தான் சார்ட் ஒட்டவும் எக்செல் நிரப்பவும் உட்கார வைக்கிறார்கள்.

மாடவிளக்கு:
ஒன்றரை மாதம் உட்கார்ந்தால் எக்செல் இன்னும் நீளும், அவ்வளவுதான்.

கோப்பு_22:
நாள் கணக்கில் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டீர்கள். இல்லத்தில் இருந்து பார்த்தால் சிக்கல் தொடங்குவது முதல் நாளுக்கு முன்னாடி. கல்லூரியிலிருந்து வருவது ஒரு பக்கக் கடிதம். மாணவர் என்ன செய்யலாம், எது கூடாது என்று அதில் ஒரு வரி இருக்காது. குறைந்தது இதையாவது எழுதி வாங்குங்கள்: தனியாக வீட்டு விசாரணைக்குப் போகக் கூடாது, படிவம் 22, அதாவது சமூக விசாரணை அறிக்கை, தயாரிக்கும்போது கூட இருக்கலாம், கையெழுத்து பொறுப்பாளருடையது, கோப்பு வெளியே போகக் கூடாது.

பெரிய ஓட்டை ரெக்கார்டு நோட்டுதான். பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எல்லாம் அப்படியே இருக்கும், அதை விடுதி அறையில் நாலு பேர் புரட்டுவார்கள். அடையாளத்தை வெளியிட்டால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-ன்படி 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் "தந்தை சலூன் வைத்திருக்கிறார், தாய் போன வருடம் இறந்தார்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும்.

களத்துமேடு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்து வேறு, எழுதிப் பழகுவது வேறு. படிவத்தை முழுசாக ஒரு தடவைகூட எழுதாமல் பட்டம் வாங்கி, மறுமாதமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேருகிறார்கள். மனநலத் துறையில் இப்படி விடுவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநல சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ-வுக்கு மேல் 2 வருட முழுநேர எம்.ஃபில். கேட்கிறது. குழந்தைகள் துறைக்கு அது ஏன் வேண்டாம்?

மாடவிளக்கு:
சரி, இரண்டாம் வருடத்தில் மட்டும் தொடர் களப்பணி வைக்கலாம், ஆனால் ரெக்கார்டு அன்றன்று இரவே வர வேண்டும், வாரம் ஒருமுறை நிறுவனத்துக்குள்ளேயே எம்.எஸ்.டபிள்யூ படித்த ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும்.

கோப்பு_22:
அந்த ஒருவர் பெரும்பாலான இல்லங்களில் ஒரே ஒருவர்தான், அவரும் ஒப்பந்த ஊழியர். நடுவில் அவர் வேலையை விட்டுப் போனால் மாணவரைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, அங்கேயே விட்டுவைப்பீர்களா? அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.