உதகை கோடை முகாம்: 1500 மீட்டர் ஓடுகிற பிள்ளைகளுக்கு மனப்பயிற்சியாளர் தேவையா?
(குழு உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்; "மூன்றாம் சுற்று" முகாம் நடத்துபவர்.)

மூன்றாம் சுற்று
மே மாதம் 20 நாள் முகாம், உதகையில். கோவை, ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள், வயது 15 முதல் 18. பயிற்சியில் வருகிற நேரம் போட்டியில் வருவதில்லை. 1500-இல் 900 மீட்டர் தாண்டியதும் முகம் மாறி, தோள் ஏறி, வேகம் விழுந்துவிடுகிறது. வாரம் இரண்டு வகுப்புக்கு ஒரு மனப்பயிற்சியாளரை அழைக்கலாமா என்பதுதான் கேள்வி. அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. 2024 சிங்கப்பூர் உலக செஸ் பட்டப் போட்டிக்குக் குகேஷ், மனப்பயிற்சியாளர் பேடி அப்டனோடு உழைத்தார். 2011 உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு மனப்பயிற்சிக்கு இருந்தவரும் அதே அப்டன்தான். உச்சத்தில் இருப்பவர்களுக்கே தேவைப்படுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா?

கோத்தகிரி கோச்
வேண்டாம் சார். உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் இதே உயரம். அங்கே 10,000 மீட்டர் தங்கம் 29 நிமிடம் 27.4 வினாடிக்குக் கிடைத்தது. அப்போது 27:39.4 என்று உலக சாதனை வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். அவருக்கு மனதிடம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஈரோட்டுப் பிள்ளையிடம் மட்டும் "உன் மனசுதான் விடுது" என்கிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அந்தக் கெடுதலைச் சரிசெய்ய வருஷக்கணக்கு ஆகும்.

மனப்பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணத்தில் ஏப்ரல் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் காட்டி இரும்புச்சத்தை ஏற்றிய பிறகுதான் மலை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், மே மாதம் யோசித்தால் நேரமில்லை. மேலே வந்த முதல் நான்கு நாள் மெதுஓட்டம் மட்டும். கீழே 300 மீட்டர் ஓட்டங்களுக்கு இடையில் 3 நிமிடம் ஓய்வு கொடுத்தால் இங்கே நாலரை நிமிடம் கொடுங்கள்.

மூன்றாம் சுற்று
அதே மெக்சிகோவில்தானே கோச், கிப் கெய்னோ 1500-ஐ 3:34.9-இல் முடித்தார்? உலக சாதனைக்காரர் ஜிம் ரயன் 3:37.8. காற்று இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கோத்தகிரி கோச்
காற்று ஒன்று, நுரையீரலும் ரத்தமும் ஒன்றா? கெய்னோ கென்ய மேட்டுநிலத்தில் வளர்ந்தவர். எங்கள் ஹட்டி (மலைக்கிராம)ப் பிள்ளைகளையும் நேற்று பஸ் ஏறி வந்த பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி மனதிடத்தை அளக்க முடியாது. ஏப்ரலில் எங்கள் பிள்ளைகள் கோவை நேரு ஸ்டேடியத்தில் வெயிலில் தடுமாறுவதையும் யாரும் மனக்கோளாறு என்று சொல்லிவிட வேண்டாம்.

உதகை பிசியோ
இரண்டு பேரும் மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டீர்கள். வகுப்பு எடுக்க வருகிறவர்களில் பலர் முதலில் சொல்லித்தருவது நாலு எண்ணி இழு, நாலு எண்ணி அடக்கு, நாலு எண்ணி விடு, நாலு எண்ணி அடக்கு என்பதைத்தான். அறையில் உட்கார்ந்து செய்தால் சரி. இந்த உயரத்தில் ஒரு 300 ஓடி முடித்த கையோடு மூச்சை அடக்கச் சொன்னால் பிள்ளைக்குப் பதற்றம் கூடும். உடம்பு கரியமில வாயுவை வெளியேற்றத் துடிக்கிற நேரம் அது. அந்த மூச்சுமுட்டலைப் பயம் என்று எடுத்துக்கொண்டால் அடுத்த ஓட்டத்துக்கு முன்னாலேயே நெஞ்சு படபடக்கும்.

அடக்கலே வேண்டாம். 4 வினாடி மூக்கால் இழுத்து 6 வினாடி விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தூங்கும் முன் 5 நிமிடம், போட்டிக்கு 20 நிமிடம் முன்பு ஒரு 2 நிமிடம். கால் ரூம் (போட்டிக்கு முன் ஓட்டக்காரர்களைக் கூட்டும் அறை) அழைப்பு வந்த பிறகு அதையும் நிறுத்திவிடலாம். போட்டிக்கு அதிகம் தணிந்துபோன உடம்பும் ஆகாது.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு நிமிடம் நாடி பார்க்கப் பழக்குங்கள். வீட்டில் ஒரு வாரம் எடுத்த சராசரியைவிட ஐந்தாம் நாளும் 8, 10 கூடுதலாக இருந்தால் அன்று கடினப் பயிற்சி வேண்டாம்.

வெலிங்டன் 800
உடம்பா மனமா என்று சண்டை போடுவதற்குப் பதில் சுற்று நேரத்தை எடுத்துப் பாருங்கள். 1500-ஐ 4:30-இல் ஓடுகிற பெண்ணுக்கு 400 மீட்டர் சுற்றுக்கு 72 வினாடி. போட்டியில் முதல் 400-ஐ 67-இல் கடந்திருந்தால் மூன்றாவது சுற்று 78 ஆவதில் ஆச்சரியமில்லை. அந்த ஐந்து வினாடிக்கான வட்டி அது. மாறாக, முதல் 400 சரியாக 72, காலை நாடி இயல்பு, பத்து நாள் தங்கிப் பழகியாகிவிட்டது, இதே மைதானத்தில் தனியாக ஓடிய சோதனை ஓட்டம் நன்றாக இருந்தது, இத்தனைக்கும் பிறகு போட்டியில் மட்டும் தொய்வு என்றால்தான் மனதைப் பற்றிப் பேச வேண்டும்.

கோத்தகிரி கோச்
இதைத்தான் நானும் சொல்கிறேன். முக்கால்வாசி வேகக் கணக்குத் தப்பு.

மூன்றாம் சுற்று
பொறுங்கள் கோச். 72 ஓடத் தெரிந்த பெண் ஏன் 67-இல் போகிறாள்? விசில் அடித்ததும் பக்கத்துப் பிள்ளை முழங்கை இடிக்கிறது, கூட்டம் கத்துகிறது, பின்தங்கிவிடுவோமோ என்று துரத்துகிறாள். அது காற்றும் இல்லை, இரும்புச்சத்தும் இல்லை.

கோத்தகிரி கோச்
சரி, அது மனம்தான். ஆனால் அதை அறையில் பாயில் படுக்கவைத்துச் சரிசெய்ய முடியாது. எட்டுப் பேரைக் கோட்டில் நெருக்கி நிறுத்தி, விசில் அடித்து, சுற்றி நின்று கத்தி, வாட்ச் இல்லாமல் முதல் 200-ஐ 36-இல் ஓடச் சொல்லுங்கள். ஓடி முடித்ததும் முதலில் அவள் தன் நேரத்தை ஊகித்துச் சொல்லட்டும், பிறகு நீங்கள் சொல்லுங்கள். நாலு தடவை, வாரம் இரண்டு நாள். ஊகம் ஒரு வினாடிக்குள் வரும்வரை விடக்கூடாது.

வெலிங்டன் 800
அதோடு "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்று ஒரே ஒரு வாக்கியம். "900-இல் மூச்சு முட்டினால் தோளை இறக்கிக் கையை வீசுவேன்." பிள்ளையே தன் வாயால், தன் பேச்சில் சொல்ல வேண்டும். "விட்டுடாதே", "பயப்படாதே" மாதிரி எதிர்மறையாக வேண்டாம். களைத்த நேரத்தில் எதைச் செய்யக்கூடாது என்பது உதவாது, எதைச் செய்வது என்பதே கைகொடுக்கும். ஓடும்போது அதை இரண்டு சொல்லாகச் சுருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் நினைவில் நிற்காது: "தோள்... கை."

மனக்காட்சிப் பயிற்சியும் அப்படித்தான். ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டு, டிராக்கில் 900 மீட்டர் இடத்தில் நின்று, மூன்றாவது சுற்றை அதற்குரிய 72 வினாடியிலேயே மனதில் ஓட வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச். 40 வினாடியில் கண்ணைத் திறந்தால் வலிக்கிற பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டாள் என்று பொருள். மெடல் வாங்குவதை மட்டும் கற்பனை செய்யச் சொல்வதால் 900-இல் ஒரு பயனும் இல்லை.

மூன்றாம் சுற்று
அப்படியென்றால் அழைக்கிறேன், முதல் வாரம் இல்லை, இரண்டாவது வாரத்திலிருந்து. வகுப்பு டிராக்கில்தான். ரத்தப் பரிசோதனை ஏப்ரலில்.

கோத்தகிரி கோச்
வரட்டும். ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். இதையெல்லாம் கோச்சே செய்யலாம், தனி ஆள் எதற்கு என்ற என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

உதகை பிசியோ
தனி ஆள் வந்தால் எல்லையை முதல் நாளே சொல்லிவிடுங்கள் சார். சாப்பாட்டை ஒதுக்குகிற பிள்ளை, மூன்று மாதம் மாதவிடாய் வராத பெண், பல இரவு தூக்கமில்லாதவர், வீட்டுப் பிரச்சினையைச் சொல்லி அழுகிறவர், இவர்களை அவர் "மனதிடம்" வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றே பெற்றோருக்குத் தகவல், அதே வாரத்தில் டாக்டர். அதுவரை கடினப் பயிற்சி நிறுத்தம்.