வெளிநாட்டு உதவி அமைப்புக்கு மாசாமாசம் சல்லி குடுக்கலாமா? அவங்க கணக்கறிக்கைய எப்பிடி வாசிக்கிறது?

பீலிக்கர பொடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நா கொழும்புல ஒரு கம்பெனில வேல செய்றேன், ஊரு பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டம், அங்க லயத்து வரிசை வீட்டுலதான் அம்மா இருக்காங்க. டித்வா புயலுக்கு பொறகு எங்க ஆபிஸ்ல ஒரு பாரம் குடுத்திருக்காங்க, மாசம் 1000 ரூபா சம்பளத்துல கழிச்சி ஒரு பெரிய சர்வதேச உதவி அமைப்புக்கு போகும், நாம குடுக்கிற அளவுக்கு கம்பெனியும் போடுமாம். பேரு சொல்லல, சொன்னா இங்க சண்ட வந்துரும்.

கையெழுத்து போடத்தான் இருந்தேன். அன்னைக்கி ராத்திரி அம்மாவுக்கு கோல் பண்ணி சொன்னா, "யாரு, நம்ம லயத்துக்கு தண்ணி டேங்க் வச்சி போட்டோ புடிச்சிட்டு போனாங்களே அவங்களா? அந்த கட்டு மேல இப்ப மொளகா காயப் போடுறோம்டா"ன்னு சொல்லி சிரிக்கிறாங்க. டேங்க் இருக்கு, அதுல போர்டும் இருக்கு, தண்ணி மட்டும் ரெண்டு வருசமா இல்ல, எல்லாரும் பழையபடி பீலிக்குத்தான் கொடத்த தூக்கிட்டு போறாங்க.

சரின்னு அவங்க வருடாந்த அறிக்கைய டவுன்லோட் பண்ணி வாசிச்சேன், தொண்ணூறு பக்கம், பாதி சிரிக்கிற புள்ளைங்க படம். கடைசியில வட்டமா ஒரு படம் போட்டு நூறுல எண்பது சொச்சம் வேலத்திட்டத்துக்கு, மிச்சம் நிதி சேகரிக்கவும் நிர்வாகத்துக்கும்னு இருக்கு. அந்த இருபது ரூபா எங்க போகுது? இன்னொரு எடத்துல ரிசர்வ்னு கோடிக்கணக்குல காசு வச்சிருக்காங்க. அவ்ளோ காசு கையில இருக்கும்போது என்ட ஆயிரம் ரூபா எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நக்கல் பண்ண வேணாம்.

கணக்கப்புள்ள சொன்னது:

தம்பி, நா நுவரெலியாவுல ஒரு வெளிநாட்டு அமைப்போட ப்ரோஜெக்ட் ஆபிஸ்ல ஆறு வருசம் கணக்கு பாத்தவன், இப்ப வெளிய வந்துட்டேன், அதனால கொஞ்சம் தெறந்தே கதைக்கலாம்.

மொதல்ல அந்த வட்டப்படத்த மறந்துருங்க. வேலத்திட்டம்னு போட்டா முழுசும் அரிசி பருப்பா வந்து சேருதுன்னு அர்த்தம் இல்ல. ஜீப்பு, டீசல், ட்ரைவர் சம்பளம், களத்துல வேல செய்ற பொடியன்மாரு சம்பளம், நுவரெலியா ஆபிஸ் வாடகை எல்லாமே அந்த எண்பதுக்குள்ளதான் இருக்கு. அதுல தப்பு இல்ல, ஜீப்பு இல்லாம தோட்டத்து மேல் டிவிசனுக்கு சாமான் எப்பிடி ஏறும். ஆனா எந்த செலவ எந்த பக்கம் போடுறதுங்கிறதுல கணக்கு பாக்கிறவன் கையில கொஞ்சம் வளைவு இருக்கு, அது எனக்கு நல்லா தெரியும்.

இருபதுல பெரும்பகுதி காசு சேக்கத்தான் போகும். எல்லைகளற்ற மருத்துவர்கள்னு ஒரு அமைப்பு, 1999ல நோபல் சமாதான பரிசு எடுத்தவங்க, யுத்த காலத்துல பருத்தித்துறை ஆஸ்பத்திரியிலயும் வேல செஞ்சவங்க. அவங்களுக்கு வர்ற காசுல 95 சதவீதத்துக்கு மேல அரசாங்கம் இல்லாத தனியாருங்க குடுக்கிறது, அதுல பெரும்பகுதி சாதாரண தனியாளுங்க. அப்பிடி லட்சக்கணக்கான பேருக்கிட்ட சில்லறை சில்லறையா சேக்கிறதுன்னா கடிதம் போடணும், ஆள் வைக்கணும், விளம்பரம் பண்ணணும். ஆனா அந்த செலவால ஒரு சுதந்திரம் கெடைக்குது. 2016ல ஐரோப்பா அகதிங்கள துருக்கியோட பேரம் பேசி தடுத்துச்சி இல்லையா, அப்ப "ஒங்க காசு வேணாம்"னு ஐரோப்பிய ஒன்றியத்துக்கே சொல்லிட்டாங்க. அரசாங்க காசுல ஓடுற அமைப்பால அப்பிடி சொல்ல முடியாது.

ரிசர்வ பாத்து கோவப்படாதீங்க. 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிப்பாட்டிச்சி, மார்ச்சுல அவங்க அரசாங்கத்து உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் திட்டங்கள்ல 83 சதவீதம் ரத்துன்னு அறிவிச்சாங்க. ரிசர்வ் இல்லாத அமைப்பெல்லாம் உடனே ஆள வீட்டுக்கு அனுப்பிச்சி. அதுக்கு முன்னாடி 2023லயே செஞ்சிலுவை சர்வதேச குழு, 1863ல தொடங்கினது, அதுவே காசு பத்தாம 1500 பேர வேலையில இருந்து எடுக்கப் போறேன்னு சொல்லிச்சி. இன்னொன்னு, அந்த கோடியில முக்காவாசி "இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு மட்டும்"னு கட்டி குடுத்த காசா இருக்கலாம். அறிக்கையில கட்டுப்படுத்தப்பட்ட நிதி, கட்டுப்படுத்தப்படாத நிதின்னு ரெண்டு வரிசை இருக்கும், அத தேடுங்க.

இந்த கட்டின காசுதான் எங்க தலைவலியே. ஒண்ணு சொல்றேன். 2022ல டொலர் 200 சொச்சத்துல இருந்து 360க்கு பாஞ்சிச்சி. எங்க பட்ஜெட் டொலர்ல, அதனால ரூபாயில ஒரேடியா வீங்கிருச்சி. அந்த நேரம் தோட்டத்துல மாவு இல்ல, கேஸ் இல்ல, சனம் ஒரு நேரம் தின்னுட்டு மலைக்கி போகுது. எங்கிட்ட காசு இருக்கு, ஆனா அது "கல்வி உபகரணம்"ங்கிற பட்ஜெட் வரியில இருக்கு. வரிய மாத்த காசு குடுத்தவங்க கையெழுத்து வேணும், அது வர மாசக்கணக்காகும், ப்ரோஜெக்ட்டோ டிசம்பர் 31ல முடியுது. என்ன செஞ்சோம்? பேக் வாங்கினோம். மூணு கொட்டேசன், பில்லு, கையொப்பம், போட்டோ, எல்லாம் சுத்தம், ஓடிட்ல ஒரு கேள்வி கெடையாது. ஒரே வீட்டுல மூணு பேக், ஒண்ணுல வெங்காயம் போட்டு ஆணியில மாட்டி வச்சிருந்தத நானே பாத்தேன். அறிக்கையில அது நூத்துக்கு நூறு வேலத்திட்ட செலவு.

ஒங்க அம்மா சொன்ன டேங்க் கதையும் அனேகமா இதே ஜாதிதான். டேங்குக்கு காசு இருந்திருக்கும், ஊத்துல இருந்து வர்ற குழாய் ஒடஞ்சா மாத்த ஒரு வரி இருந்திருக்காது.

சும்மா பாக்கிறவன் சொன்னது:

எல்லாம் கள்ளக்கூட்டம். ஏசி ஜீப்பு, ஹோட்டல்ல மீட்டிங், நம்ம வறுமைய படம் புடிச்சி வித்து அவனுங்க புள்ளைங்கள வெளிநாட்டுல படிக்க வைக்கிறானுங்க. காசு இருந்தா ஒங்க தோட்டத்துல நாலு குடும்பத்துக்கு நேரா குடுங்க தம்பி, எவன்ட அறிக்கையும் தேவல்ல.

பசறை டீச்சர் சொன்னது:

சும்மா பாக்கிறவருக்கு, நேரா குடுக்கிறது நல்லதுதான், ஆனா மண்சரிவு வந்த அன்னைக்கி நாலு குடும்பம் இல்ல, நானூறு குடும்பம் நிக்கும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைய எங்க மாவட்டத்துல யாரும் மறக்கல. தனியாளு காசால அந்த அளவுக்கு தறப்பாளும் மருந்தும் ஒரே நாள்ல மலைக்கி ஏத்த முடியாது.

ஆனா தம்பி, நா பாத்தது வேற. புயலுக்கு எங்க பள்ளிக்கூடத்துலயும் முகாம் போட்டாங்க. அமைப்புக்காரங்க கையில ஒரு விதி புத்தகம் இருக்குது, ஸ்பியர்னு சொல்வாங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கி 15 லீட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கக்கூசு, படுக்க மூணரை சதுர மீட்டர். நல்ல விதி. எங்ககிட்ட இருந்தது நாலு கக்கூசு, ஆளு அதுக்கு பல மடங்கு. அத அவங்களும் எழுதிட்டுத்தான் போனாங்க. ரெண்டாவது நாள் டெப்லட்டும் கையுமா ஒரு தம்பி வந்து ஒவ்வொரு பொம்பளையா "என்ன தேவை"ன்னு கேட்டாரு, சிங்களத்துல, கூட ஒருத்தர் மொழிபெயர்க்க. எல்லாரும் "அரிசி, பாய்"னு சொல்லிட்டு தலைய குனிஞ்சிக்கிட்டாங்க. அவரு போன பொறகு ஒரு புள்ள என் சீல முந்தானைய புடிச்சி இழுத்து காதுல சொல்லிச்சி, "டீச்சர், மாத்து உடுப்பு இல்ல, மாசத்துணியும் இல்ல." அதுக்கப்புறம் நா ஒரு கொப்பி கிழிச்சி யாருக்கு என்ன தேவைன்னு பக்கம் பக்கமா எழுதி அனுப்பினேன், 63 பேருக்கு, அளவோட. சாமான் வந்திச்சி, நல்ல சாமான், கொற சொல்ல மாட்டேன், ஆனா அந்த லிஸ்ட யாரு எழுதினதுன்னு எந்த அறிக்கையிலயும் இருக்காது.

இன்னொன்னும் பாக்கணும். நம்மாளுங்க நிக்கிற மண்ணு நம்மளோடது இல்ல. வெளிநாட்டுக்காரன் வீடு கட்ட காசு கொண்டாந்தாலும் தோட்ட கம்பெனி காணி விட்டு கையெழுத்து போடணும், அது இல்லாட்டி காசு திரும்பி போகும். அதனாலதான் மலையில வர்றவங்க டேங்க், கக்கூசு, பேக், விழிப்புணர்வு கூட்டம்னு நிப்பாட்டிக்கிறாங்க. அந்த பழிய முழுசா அமைப்புங்க தலையில போட மாட்டேன்.

கணக்கப்புள்ள சொன்னது:

டீச்சர் சொன்னது சரி. சும்மா பாக்கிறவர் அண்ணே, கள்ளன் இல்லன்னு நா சொல்ல வரல, ஆனா பெரிய ஓட்டை வேற எடத்துல இருக்குது. 2010 ஹெய்டி பூமியதிர்ச்சிக்கு அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கிட்டத்தட்ட 50 கோடி டொலர் சேத்திச்சி. டொலருக்கு 91 சதம் சனத்துக்கு போகுதுன்னு சொன்னாங்க. 2015ல பத்திரிகைக்காரங்க தோண்டினா, அவங்க கட்டின நிரந்தர வீடு 6 தான். அவங்க அத ஒத்துக்கல, மத்த விதத்துல லட்சக்கணக்கான பேருக்கு உதவினோம்னாங்க. அடுத்த வருசம் ஒரு அமெரிக்க செனட்டரோட அறிக்கை, காசுல கால்வாசி உள்செலவுன்னு சொல்லிச்சி.

91 எப்பிடி 75 ஆகுது? அடுத்த அமைப்புக்கு குடுத்த காச மேற்பாக்கிற தன் சொந்த செலவையும் வேலத்திட்டம்னு போட்டா அப்பிடித்தான். அதுக்கு மேல சங்கிலி அண்ணே, சங்கிலி. மேல உள்ளவன் தன் பங்க எடுத்துட்டு அடுத்த அமைப்புக்கு குடுப்பான், அவன் கணக்குல அது முழுசா வேலத்திட்ட செலவு, வாங்கினவனும் தன் பங்க எடுத்துட்டு கொழும்புக்கு, கொழும்பு ஹட்டன்ல உள்ள சின்ன சங்கத்துக்கு. கீழ வர வர சின்ன சங்கத்துக்கு நிர்வாக செலவுன்னு ஒரு சதமும் குடுக்க மாட்டாங்க, அங்க வேல செய்ற தங்கச்சிதான் சொந்த போன்ல ரீலோட் போட்டு அம்பது லயத்துக்கு கோல் எடுக்கும். 2016ல பெரிய ஆளுங்கெல்லாம் கூடி உதவிக்காசுல 25 சதவீதமாவது உள்ளூர் அமைப்புங்க கைக்கு போகணும்னு ஒப்பந்தம் போட்டாங்க. கிட்டக்கூட போகல.

பீலிக்கர பொடியன் சொன்னது:

அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. அறிக்கைய திரும்ப தெறந்து பாத்தேன், கட்டுப்படுத்தப்பட்ட நிதின்னு தனி வரிசை இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே ரிசர்வுல பெரிய பங்கு அதுதான். இலங்கையில எந்தெந்த உள்ளூர் அமைப்பு வழியா வேல செய்றாங்க, அவங்களுக்கு எவ்ளோ போகுதுன்னு மட்டும் எங்கயும் இல்ல. அத கேட்டு ஒரு மெயில் போட்டிருக்கேன், கூடவே எங்க லயத்து டேங்க் படமும், மொளகாயோட.

ஒரே ஒரு சந்தேகம். பாரத்துல ரெண்டு பொட்டி இருக்கு, ஒண்ணு "இலங்கை புயல் நிவாரணம் மட்டும்", மத்தது "தேவைப்படும் இடத்துக்கு". நம்ம ஊருக்குன்னு மொதலாவதுல போடத்தான் மனசு சொல்லுது.

கணக்கப்புள்ள சொன்னது:

மனசு அப்பிடித்தான் சொல்லும். ஆனா 2004 சுனாமிக்கு ஒரு வாரம் போல ஆனதும், நா மேல சொன்ன அந்த மருத்துவர் அமைப்பு "சுனாமிக்குன்னு அனுப்பாதீங்க, எங்களால செய்ய முடிஞ்ச வேலைக்கு போதும்"னு அறிவிச்சி, அனுப்பினவங்ககிட்ட வேற நாட்டுக்கு செலவழிக்க சம்மதம் கேட்டாங்க. மத்தவங்க ஏசினாங்க. நா அந்த பேக் பில்லுல கையெழுத்து போட்டப்ப அவங்களத்தான் நெனச்சேன்.

மெயிலுக்கு பதில் வந்தா ரெண்டாவது பொட்டி. வராட்டி ஹட்டன்ல ஒரு சங்கம் பேரு தர்றேன், உள்பெட்டிக்கு வாங்க.

பசறை டீச்சர் சொன்னது:

குழாய் எத்தன அடி ஒடஞ்சிருக்குன்னு அம்மாகிட்ட கேட்டு சொல்லுங்க தம்பி. எங்க பழைய மாணவன் ஒருத்தன் டிக்கோயா டவுன்ல ஹார்ட்வெயார் வச்சிருக்கான்.