மார்பகப் புற்றுநோய்க்குப் பின் குடலில் பாலிப்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 2021இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் ரேடியேஷனும் முடித்து, இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுத்து வருகிறேன். மலத்தில் ரத்தம் தெரிந்ததால் அண்மையில் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். ரத்தத்துக்கு மூலநோய்தான் காரணம் என்று தெரிந்தாலும், பெருங்குடலில் 10 மி.மீ.க்கும் சிறிய இரண்டு பாலிப்கள் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சிகள்) இருந்ததால் அவற்றை அப்போதே அகற்றிவிட்டார்கள். பயாப்சி அறிக்கையில் ‘ட்யூபுலர் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா’ என்று வந்திருக்கிறது; அதாவது, பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய ஒரு வகைப் பாலிப், அதன் செல்களில் லேசான மாற்றம்.

இது புற்றுநோய் இல்லை, இத்தகைய அடினோமாக்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை, மாறினாலும் பல ஆண்டுகள் ஆகும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது புரிகிறது. ஆனாலும் வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வயிறு சற்று உப்பினாலே நெஞ்சு படபடக்கிறது.

அடுத்த கொலனோஸ்கோபி 5 ஆண்டுகள் கழித்துப் போதும் என்கிறார். என்னைப் போல மார்பகப் புற்றுநோய்க்குப் பின் அடினோமா கண்டறியப்பட்டவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்கு எவ்வளவு இடைவெளி சொன்னார்கள், பழைய நோயைக் கருதி அதைக் குறைத்தார்களா என்று தயவுசெய்து எழுதுங்கள். என் அத்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்ததால் மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்க எண்ணியிருக்கிறேன். பிஆர்சிஏ (மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடைய மரபணுக்கள்) மட்டும் பார்த்தீர்களா, பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல் எடுத்தீர்களா? இந்த இரவு நேர பயத்துக்கு மனநல ஆலோசகரிடம் சென்று பலன் கண்டவர்கள் இருந்தால், அதையும் அவசியம் சொல்லுங்கள்.