புகை மெசின் வாங்க முதல் பூட்டின வீட்டுச் சாவியளைத் தாங்கோ

எல்லாருக்கும் வணக்கம்,

போன கிழமை பொருளாளர் அண்ணை எழுதினதுக்குத்தான் இந்தப் பதில். இலங்கையில எங்கட ஊரில டெங்கு கூடுது, வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர்ச் சங்கத்தால நுளம்புக்குப் புகை அடிக்கிற மெசின் ஒண்டு வாங்கி வாசிகசாலைக்குக் குடுப்பம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டாக் காணும் எண்டு கேட்டிருந்தவர், நாலைஞ்சு பேர் உடன ஓம் எண்டும் சொல்லிப்போட்டினம். அண்ணைக்கு ஊரில இருக்கிற அக்கறையில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா மெசின் வேண்டாம் எண்டதுதான் என்ர நிலைப்பாடு, ஏனெண்டு கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், குறை நினையாதேங்கோ. கனடாவுக்கு வர முதல் நான் அங்க பி.எச்.ஐ.யா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரா இருந்தனான் எண்டது பழைய ஆக்களுக்குத் தெரியும், தொத்து நோயாளியை அறிவிக்கிற 544 படிவம் ஆஸ்பத்திரியால வர வர அதைக் கொண்டு சைக்கிளில ஒழுங்கை ஒழுங்கையாத் திரிஞ்ச காலம்.

புகை பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும், அதுவும் அந்த மருந்துத் துளி அதில பட்டால்தான். டெங்கு பரப்பிற ஈடிஸ் ஈஜிப்தி நுளம்பு ஒழுங்கையில நிக்கிற சாமான் இல்லை, கட்டிலுக்குக் கீழ, அலுமாரிக்குப் பின்னால, கொழுவியில தொங்கிற சாரத்துக்குள்ள இருக்கிற சாமான். றோட்டால புகை அடிச்சுக்கொண்டு போகேக்க சனம் கதவு யன்னலைச் சாத்திப்போட்டு உள்ள இருக்கும், நுளம்பும் அவையளோட உள்ளயே இருக்கும். தண்ணிக்குள்ள நெளியிற குடம்பிக்கும் (நுளம்புப் புழு) முட்டைக்கும் புகையால ஒண்டும் வராது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை பத்து நாள் காணும், எண்டபடியா இண்டைக்கு அடிச்சு அதைப் படம் எடுத்து பேஸ்புக்கில போட்டு எல்லாரும் லைக் குடுத்து முடிக்க அடுத்த கூட்டம் வெளிக்கிட்டிடும். சுகாதாரப் பகுதியும் புகை அடிக்கிறதுதான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை, ஆனா அவை அடிக்கிறது நோயாளி இருக்கெண்டு அறிவித்தல் வந்து, அந்த வீட்டையும் சுத்தியுள்ள வளவுகளையும் பாத்து, குடம்பி இருக்கிற தண்ணியை ஊத்தி அழிச்சு, அதோட சேத்து அடிக்கிறது. வெறும் புகையை வாசிகசாலைப் பெடியள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அளவு கணக்கு இல்லாம அடிச்சா நுளம்பு மருந்துக்குப் பழகும், பெடியளுக்கு நெஞ்சு கெடும், அவ்வளவுதான்.

சரி, அப்ப நுளம்பு எங்க இருந்து வருது? இதைச் சொன்னா கன பேருக்குக் கோவம் வரும். எங்கட வீடுகளில இருந்துதான். நாங்கள் பூட்டிப்போட்டு வந்த வீடுகளும், காசு அனுப்பிக் கட்டிப்போட்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா போய் நிக்கிற மாடி வீடுகளும்தான். ஆள் இருக்கிற வீட்டில பி.எச்.ஐ. படலையைத் தட்டினா யாரும் வந்து திறப்பினம், தண்ணி நிண்டா ஊத்தச் சொல்லலாம், கேக்காட்டிச் சட்டம் இருக்கு, 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருகாம வளவை வச்சிருக்கிறது வீட்டுக்காரரின்ர பொறுப்பு. எங்கட கேட்டில பெரிய ஆமைப்பூட்டு தொங்குது, சாவி ஆரோ ஒரு மச்சாளிட்ட, மச்சாள் கொழும்பில மகளோட. இதுக்கு என்ன சட்டம் வேலை செய்யும்?

அப்பிடி ஒரு வீட்டைத் திறந்தா முதல்ல எங்க பாக்கிறது எண்டு சொல்லுறன். குளியலறைதான். கொமோட்டுக்குள்ள நிக்கிற தண்ணி ஒருத்தரும் பிளஷ் பண்ணாம மாசக்கணக்கில கிடக்கும், மேல சிஸ்ரேனுக்குள்ளயும் அப்பிடித்தான். மூடியைத் திறந்து ரோச்சை அடிச்ச உடன ஒண்டும் இல்லாத மாதிரித்தான் தெரியும், ஏனெண்டா வெளிச்சமோ நிழலோ பட்ட கையோட குடம்பி எல்லாம் விர்ரெண்டு அடிக்குப் போயிடும். புது ஆக்கள் அதோட மூடிப்போட்டு, இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம். ஆட்டாம அசைக்காம ஒரு நிமிசம் நிண்டு பாக்கவேணும். அதுகளுக்கு மூச்சு வேணுமெல்லே, வாலைத் தண்ணிக்கு மேல நீட்டித் தலைகீழாச் சரிஞ்சு தொங்கத்தான் வேணும், ஒண்டு வரும், பிறகு அஞ்சாறு, பிறகு எண்ணேலாது. அதுக்குப் பிறகு ஏணி வச்சுக் கூரைப் பீலியைப் பாக்கவேணும், மாவிலை அடைச்சுத் தண்ணி வடியாம நிக்கும். பிளாட் கூரை எண்டா மூலைக்குள்ள குளம். மேல் தாங்கியின்ர மூடி போன வருசக் காத்தோட போயிருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால தண்ணி வடியிற தட்டு, பூச்சாடிக்குக் கீழ வச்ச தட்டு, எறும்பு ஏறாம மேசைக் காலுக்கு வச்ச கிண்ணம், வளவுக்குள்ள அணில் கோதின கோம்பை, சிரட்டை, யோகட் கப், பழைய ரயர். ஒரு சிரட்டைத் தண்ணி காணும், குளம் குட்டை ஒண்டும் தேவையில்லை.

இன்னொண்டு, வெயில் காலத்தில எல்லாம் காஞ்சு கிடக்கு எண்டு பேசாம இருக்கேலாது. முட்டையை நுளம்பு தண்ணிக்குள்ள போடுறதில்லை, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல பாத்திரத்தின்ர சுவரில ஒட்டிப்போட்டுப் போகும், காஞ்ச நிலையில மாசக்கணக்கில உயிரோட கிடந்து ஐப்பசியில முதல் மழை பட்ட உடன பொரிக்கும். அதால தண்ணியை ஊத்தினாக் காணாது, தும்பு போட்டுச் சுவரை உரஞ்சிக் கழுவவேணும். கடற்கரைப் பக்கத்து ஆக்கள், எங்கட பக்கம் உப்புத்தண்ணி, டெங்கு நுளம்பு வராது எண்டு ஆறுதலா இருக்கிறவை. அதுவும் சரியில்லை, யாழ் பல்கலைக்கழகத்துச் சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி ஆக்கள் 2011 இல வெளியிட்ட ஆய்வில யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில எறிஞ்ச போத்தில்கள், கைவிட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள் எல்லாத்திலயும் உவர்த் தண்ணிக்குள்ளயே ஈடிஸ் குடம்பியளைக் கண்டு எழுதியிருக்கினம்.

கிணறு எண்ட உடன மலேரியாவையும் சொல்லவேணும். 2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் குடுத்தது, அதுக்கு முதல் உள்ளூரில தொத்தின கடைசி நோயாளி 2012 இல. அந்த வருசம் முடியிறதுக்குள்ளயே மன்னாரில கிணறுகளுக்குள்ள அனோபிலிஸ் ஸ்ரெபன்சி எண்ட புது நுளம்பைக் கண்டுபிடிச்சினம், இந்தியாவில பட்டினங்களில மலேரியா பரப்பிற இனம் அது, கிணறும் மேல் தாங்கியும்தான் அதுக்குப் பிடிச்ச இடம், பிறகு யாழ்ப்பாணத்திலயும் கண்டிருக்கினம். நோய்க்கிருமி இப்ப இல்லை, காவுற ஆள் வந்திட்டார், இனி வெளிநாட்டில இருந்து காய்ச்சலோட ஒருத்தர் வந்து இறங்கினாச் சரி. முந்தியும் இப்பிடித்தான், 1963 இல நாடு முழுக்க 17 பேர் எண்ட அளவுக்குக் கொண்டுவந்து போட்டுக் கையைத் தளர்த்த, 1969 இல அஞ்சு லட்சத்துக்கு மேல போனது. எங்கட ஊரில எத்தினை பாழ் கிணறு எண்டு உங்களுக்கே தெரியும். இறுக்கமா வலை போடலாம், மீன் விடலாம், பெரிய செலவே இல்லை.

வெள்ளம் வாற நேரம் சங்கம் சாப்பாட்டுப் பார்சல் குடுக்கிறது நல்ல வேலை, 2008 நிஷாப் புயலுக்கும் 2020 புரெவிக்கும் சனம் பட்ட பாட்டை நாங்கள் பாத்தனாங்கள். ஆனா நுளம்புப் பிரச்சினை வெள்ளம் வடிஞ்ச பிறகுதான் வரும், ஓடுற வெள்ளம் குடம்பியை அடிச்சுக்கொண்டு போயிடும், பிறகு தேங்கினதிலதான் பெருகும். அந்த நேரம் எங்கட கையில காசு முடிஞ்சிருக்கும். கொஞ்சத்தை அதுக்கெண்டு பிடிச்சு வைக்கவேணும்.

இனி மார்கழிக்குக் கலியாணம், கோயில் எண்டு போற ஆக்களுக்கு. 2017 இல நாட்டில 1,86,000 பேருக்கு மேல டெங்கு வந்ததே, அது உச்சத்துக்குப் போனது ஆடியில, கொழும்புப் பக்கத்து மழைக்கு. எங்கட பக்கம் கணக்கு வேற, வடகீழ்ப் பருவ மழை முடிய மார்கழி, தையிலதான் ஏறும், சரியா நீங்கள் பிள்ளையளோட போய் இறங்கிற நேரம். டெங்கு நுளம்பு பகலில குத்திற நுளம்பு, காலமையும் பின்னேரமும்தான் கூடக் குத்தும். அங்க காய்ச்சல் வந்தா பையில கொண்டுபோன அட்வில்லைக் குடுக்காதேங்கோ, புரூபன், அஸ்பிரின், டைக்ளோபெனாக் ஒண்டும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிப்போடும். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், நிறைக்கேத்த அளவில. மூண்டாம் நாள் இரத்தம் ரெஸ்ற் பண்ணவேணும். கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) குடுக்கலாம், நெக்டோ மாதிரிச் சிவப்புக் குடிவகை வேண்டாம், சத்தி எடுத்தா அது ரத்தமோ சோடாவோ எண்டு டொக்டருக்குத் தெரியாது. பப்பாசி இலைச் சாறு குடுத்தம், பிளேட்லெட் ஏறும் எண்டு வீட்டில வச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்களோட நான் கதைச்சுக் களைச்சுப்போனன். காய்ச்சல் விட்ட உடன சுகம் எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை, நீர் இரத்தக் குழாயால கசியத் தொடங்கிறது அந்த நேரம்தான், அடுத்த ஒண்டு ரெண்டு நாள்தான் ஆபத்து. வயித்து நோ, நிக்காத சத்தி, சலம் குறையிறது, கை கால் குளிர்ந்து பிள்ளை சோர்ந்து படுக்கிறது, இதில ஒண்டைக் கண்டாலும் விடியட்டும் எண்டு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. சின்னனில ஊரில டெங்கு வந்தவை இன்னும் கவனம், நாலு வகை இருக்கு, ரெண்டாந்தரம் வேற வகை தொத்தினாக் கடுமையாகிற வாய்ப்புக் கூட.

மெசினுக்கு எண்டு சேக்கிற காசுக்கு நான் சொல்லுறது இதுதான். ஊரில வேலை தேடுற ரெண்டு மூண்டு பேரைப் பிடிச்சு, ஆவணியில இருந்து மாசி வரைக்கும் கிழமைக்கு ஒருக்கா பூட்டின வீடு எல்லாத்தையும் திறந்து பாத்து, ஊத்தி, உரஞ்சி, பிளஷ் பண்ணி, பீலி கிண்டிவிடச் சம்பளம் குடுப்பம். ஏணி, ரோச், கையுறை, தாங்கிக்கு வலை, வேற ஒண்டும் வேண்டாம். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குச் சொல்லிப்போட்டுச் செய்யவேணும், பி.எச்.ஐ.யும் சேர்ந்து வந்தா இன்னும் நல்லது, வளவுக்குள்ள ஆள் போறதுக்கு நீங்கள் எழுத்தில சம்மதம் தரவேணும். சாமான் களவு போகும் எண்டு யோசிக்கிறவை உள் அறையைப் பூட்டிப்போட்டுக் குளியலறைக்கும் வளவுக்கும் மட்டும் சாவி குடுக்கலாம்.

ஆகவே விருப்பமான ஆக்கள் செயலாளர் தம்பிக்கு எழுதுங்கோ, சாவி ஆரிட்ட, எத்தினை குளியலறை, மேல் தாங்கிக்கு மூடி இருக்கோ, கிணறு பாவிக்கிறதோ இல்லையோ. பக்கத்து வீட்டு நாய் மதிலால பாயிற நாய் எண்டா அதையும் ஒரு வரி போட்டுவிடுங்கோ, போற பெடியளுக்கு அது கட்டாயம் தெரியவேணும்.