மூன்று நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும் பழைய கார்: மின்கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி (ஈரோடு, 2004-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டில் பதிவான சிறிய பெட்ரோல் கார். பள்ளிக்கு இருசக்கர வண்டியில் போய்வருவதால் காரைப் பெரும்பாலும் வார இறுதியில்தான் எடுக்கிறேன். சில மாதங்களாக, தொடர்ந்து மூன்று நாள் நிறுத்திவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுப்பதில்லை. 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் உடனே கிளம்பிவிடும்; அன்றும் மறுநாளும் எந்தத் தொல்லையும் இராது.

பழைய பேட்டரிக்கு நான்கு வயதாகிவிட்டதால் அதுதான் காரணம் என்று கருதிப் புதிதாக 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது சேமிப்புக் கொள்ளளவு) பேட்டரி மாற்றினேன். நிலைமை மாறவில்லை. கடைக்காரர் லோடு டெஸ்டர் (சுமை கொடுத்துப் பேட்டரியைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்துப் பேட்டரி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். எஞ்சின் ஓடும்போது டெர்மினல்களில் 14.1 வோல்ட் காட்டுவதால் ஆல்டர்னேட்டரும் சரியாகவே சார்ஜ் ஏற்றுவதாக மெக்கானிக் கூறுகிறார். ஆனாலும், வேறு வழி தெரியாததால் ஆல்டர்னேட்டரை மாற்றிப் பார்க்கலாம் என்பதே அவருடைய யோசனை. அதற்குச் செலவழிப்பதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என்னிடம் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. முந்தைய உரிமையாளர் ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ஃபாக் லேம்ப் ஆகியவற்றை வெளியில் பொருத்தியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (கரூர்)

ஐயா, இதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் பொருத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டியை நிறுத்தும்போது திருகிக் கழற்றிவிட்டால், கசிவு எங்கிருந்தாலும் பேட்டரி இறங்காது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மறுமொழி (ஆட்டோ எலக்ட்ரீஷியன், திருப்பூர்)

கட்-ஆஃப் சுவிட்ச் கெட்ட பொருள் அன்று; மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் காரணம் தெரிவதற்கு முன்பு அதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏதோ ஒரு ஒயர் உரசிச் சூடாவதாலோ, ஒரு சுவிட்ச் உள்ளே கரிந்து ஒட்டிக்கொண்டதாலோ கசிவு ஏற்படுமானால், வண்டி ஓடும்போதும் அந்தக் குறை அங்கேயே இருக்கும். ஆகவே முதலில் அளந்துவிடுங்கள்.

எந்த வண்டியிலும் சாவியை எடுத்த பிறகு சிறிதளவு மின்னோட்டம் போய்க்கொண்டுதான் இருக்கும். கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவகம், எஞ்சின் கம்ப்யூட்டர், சென்ட்ரல் லாக் ஆகியவை சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. உங்கள் வண்டியின் வயதுக்கு அது 30-ஐத் தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன். 35 ஏ.எச். பேட்டரி மூன்று நாளில் செல்ஃப் எடுக்க முடியாத நிலைக்கு இறங்க வேண்டுமானால், அதன் சேமிப்பில் பாதிக்கும் மேல் வெளியேறியிருக்க வேண்டும். அதாவது 250 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் இரவும் பகலும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. இது தேடினால் கிடைக்கக்கூடிய அளவு.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சாவியை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சென்ட்ரல் லாக் எதிர்பாராமல் பூட்டிக்கொள்வது உண்டு. ஃபியூஸ் பெட்டி ஓட்டுநர் பக்க டேஷ்போர்டின் அடியில் இருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டிவரும். அப்போது கதவுத் தூணில் உள்ள பொத்தான் சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்விளக்கின் மின்னோட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகி, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, சிவப்பு முனையைக் கேபிளின் கிளாம்ப்பிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் வையுங்கள். இப்போது வண்டி எடுக்கும் மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போகும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். அளந்து முடித்ததும் சிவப்பு முனையை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போதே பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட்.

அரை மணி நேரம் காத்திருந்து, எண் நிலைபெற்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறது என்று பாருங்கள். பிடுங்கிய ஃபியூஸை உடனே திரும்பச் செருகாமல் வரிசையாக வைத்துக்கொண்டு போவது நல்லது. கசிவு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால் அப்போதுதான் கூட்டுத்தொகை புரியும்.

மறுமொழி (சேலம்)

எங்கள் வண்டியில் இதே தொல்லை வந்தபோது குற்றவாளி ஆல்டர்னேட்டரின் டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு). சார்ஜ் சரியாக 14 வோல்ட் காட்டியது. ஆனாலும் ஒரு டையோடு கசிந்ததால் எஞ்சினை அணைத்த பிறகு பேட்டரியிலிருந்து மின்னோட்டம் பின்னோக்கி ஆல்டர்னேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆகவே 14.1 வோல்ட் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து அதை விட்டுவிட வேண்டாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பைவிட இளஞ்சூடாக இருந்தால் சந்தேகம் உறுதி.

கேள்வி கேட்டவர்

விளக்கத்திற்கு மிக்க நன்றி, ஐயா. ஞாயிறன்று நிதானமாக அளந்தேன். அரை மணி நேரத்திற்குப் பின் மீட்டர் 0.38 ஆம்பியரில் நின்றது. டேஷ்போர்டின் அடியில் உள்ள பெட்டியில், உள்விளக்குக்கும் ஸ்டீரியோவுக்கும் பொதுவான 15 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.16-க்கு இறங்கியது. மற்ற ஃபியூஸ்கள் எல்லாவற்றையும், பானட்டுக்குள் இருப்பவற்றையும் சேர்த்து, எடுத்துவிட்ட பிறகும் அந்த 0.16 அசையவில்லை. ஆல்டர்னேட்டர் காலையில் குளிர்ச்சியாகவே இருந்தது. எல்லா ஃபியூஸும் வெளியே இருக்கும்போது மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மறுமொழி (ஆட்டோ எலக்ட்ரீஷியன், திருப்பூர்)

அருமையாக அளந்திருக்கிறீர்கள். 0.38-ஐ 24-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர்-அவர்; மூன்று நாளில் 27. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 என்பதால், நீங்கள் சொன்ன அறிகுறியோடு கணக்கு சரியாகப் பொருந்துகிறது. எனவே கசிவு முழுவதும் மீட்டரில் அகப்பட்டுவிட்டது. பேட்டரிக்குள்ளேயே குறை இருக்குமோ என்ற ஐயத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி, மின்னோட்டத்தின் அளவையே தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கியிலோ கையுறைப் பெட்டியிலோ 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர் காட்டும். 10 வாட் பல்பு அதன் இரு மடங்கு. உங்களுடைய இரண்டு எண்களும் பல்புக்கு உரியவை அல்ல. 0.22 ஆம்பியர் என்பது அணைத்ததாக நாம் நினைக்கும், ஆனால் உண்மையில் உறங்காத ஸ்டீரியோவின் அளவு. வெளியில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய நினைவக இணைப்பு. சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டியது. சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம் என்பதற்காகவோ, சரியான ஒயரைத் தேடச் சோம்பல்பட்டோ, இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடும் வழக்கம் நம் ஊரில் ஏராளம். ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பின்புறத்தைப் பாருங்கள்.

ஃபியூஸ் பெட்டியைச் சாராத 0.16 ஆம்பியருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பேட்டரியிலிருந்து நேராக ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் செல்லும் கனத்த கேபிள்கள். மற்றொன்று, பிற்பாடு யாரோ பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலிருந்து நேராக இழுத்த ஒயர். ஆல்டர்னேட்டர் குளிர்ச்சியாக இருந்ததை மட்டும் நம்ப வேண்டாம்; 0.16 ஆம்பியர் என்பது இரண்டு வாட்டுக்கும் குறைவு, அவ்வளவு பெரிய உலோகத்தில் அது கைக்குத் தெரியாமலும் போகலாம். என்றாலும் என் ஊகம் வேறு. வண்டிகளில் பயன்படும் சாதாரண 12 வோல்ட் ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) உள்ளிருக்கும் கம்பிச்சுருள், இயக்கத்தில் இருக்கும்போது 0.15 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஃபாக் லேம்ப் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த விளக்குகள் எரிகின்றனவா? பானட்டைத் திறந்து பிளஸ் டெர்மினலில் கூடுதலாக எத்தனை ஒயர்கள் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைக் கவனியுங்கள். எதற்கும் அசையாவிட்டால் பேட்டரியை முழுமையாகத் துண்டித்துவிட்டு ஆல்டர்னேட்டரின் கனத்த ஒயரைக் கழற்றுங்கள். கழற்றிய முனையை வண்டியின் உலோக உடம்பில் படாதவாறு டேப் சுற்றிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, இரண்டு ஊகங்களும் சரி. ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சளும் சிவப்பும் ஒரே முறுக்கில் இருந்தன. சிவப்பைப் பிரித்து, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் சிகரெட் லைட்டர் ஒயரோடு இணைத்தேன்.

மற்றொன்று இன்னும் விநோதம். பிளஸ் டெர்மினலில் மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று, நடுவே ஒரு தனி ஃபியூஸோடு, பேட்டரித் தட்டின் பின்னால் இருந்த ரிலேக்குச் சென்றது. ரிலேயைத் தொட்டால் இளஞ்சூடு. முன்பு ஒரு சிறு மோதலில் பம்பர் மாற்றியபோது ஃபாக் லேம்ப்களைத் திரும்பப் பொருத்தவில்லை. ஆனால் ரிலேயும் ஒயர்களும் ஸ்டியரிங்கின் அடியில் இருக்கும் சுவிட்சும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருந்தது. விளக்கே இல்லாததால் எதுவும் எரியவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. ரிலேயைப் பிடுங்கியதும் மீட்டர் 0.02-க்கு வந்தது, மில்லி ஆம்பியர் அளவுக்கு மாற்றிப் பார்த்தால் 24. சுவிட்சை அணைத்துவைத்தால் போதுமா, ஒயர்களை அகற்ற வேண்டுமா? பேட்டரி இனி வண்டி ஓடும்போதே நிறைந்துவிடுமா?

மறுமொழி (கரூர்)

கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருந்தால் அந்த ரிலே கண்ணில் பட்டிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியிலும் மீட்டர் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மறுமொழி (ஆட்டோ எலக்ட்ரீஷியன், திருப்பூர்)

24 மில்லி ஆம்பியர் என்பது நாளொன்றுக்கு 0.6 ஆம்பியர்-அவர்கூட இல்லை. இரண்டு வாரம் நிறுத்தினாலும் பேட்டரியின் கால் பங்குதான் குறையும்.

ஒயர்களை அகற்றிவிடுங்கள். சுவிட்ச் முழங்கால் படும் இடத்தில் இருப்பதால் மறுபடியும் 'ஆன்' ஆகும் வாய்ப்பு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பம்பருக்குப் பின்னால் விளக்கில்லாமல் தொங்கும் ஒயர் முனைகளில், ரிலே இயங்கும்போதெல்லாம் 12 வோல்ட் வந்துகொண்டிருந்திருக்கிறது. மழைநீரோ இரும்போ அங்கே பட்டால் அந்தத் தனி ஃபியூஸ் மட்டுமே காவல். அந்த ஃபியூஸும் பொருத்தப்படாத வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியைப் பொறுத்தவரை, ஓட்டினால் நிறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஊருக்குள் ஏ.சி.யும் முகப்பு விளக்கும் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவது, இழந்த 27 ஆம்பியர்-அவரை ஈடுசெய்யாது. காற்றோட்டமான இடத்தில் வைத்து, 3 முதல் 4 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு முழுவதும் ஏற்றுங்கள். பின்னர் எந்த ஒயரும் இணைக்காமல் மற்றோர் இரவு சும்மா வைத்துவிட்டு வோல்ட்டை அளந்து பாருங்கள். 12.6 காட்டினால் பேட்டரி தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம், 12.4 என்றால் முக்கால் பங்குதான் ஏறியிருக்கிறது, இன்னொரு முறை ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் 12.4-ஐத் தாண்டாவிட்டால், அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கியதால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகியிருக்கும். அந்த நிலையில் வாரண்டி அட்டையோடு கடைக்குச் செல்லும்போது, லோடு டெஸ்டர் வைப்பதற்கு முன் பேட்டரியை அவர்கள் முழுமையாகச் சார்ஜ் செய்கிறார்களா என்று நின்று கவனியுங்கள்.